வீட்டுப் பட்டறைக்குக் கருவி சேர்க்கும் ஒழுங்கு: எதை முதலில் வாங்குவது, எதைக் கடைசிக்கு விடுவது

வீட்டுக்குப் பின்னால் ஒரு பத்தி (சாய்ப்புக் கொட்டில்) இறக்கி, "இனி வீட்டு வேலை எல்லாம் நானே செய்யிறன்" என்று தொடங்கும் பெடியள் அநேகமாக முதலில் வாங்குவது கிரைண்டர். அடுத்தது டிரில். மூன்றாம் கிழமை என்னிடம் வருவார்கள். அறுத்த கம்பி கோணல், துளை போட்ட இடத்தில் சாந்து பெயர்ந்துபோயிருக்கும், பெருவிரலில் கட்டு. கருவியில் பிழை இருக்காது. அறுக்கிற பொருளை அசையாமல் பிடிக்க ஒன்றும் இல்லாமல் அறுக்கத் தொடங்கியிருப்பார்கள்.

ஆகவே நான் சொல்லும் ஒழுங்கு இது: பிடிக்கிற சாமான் முதலில், அளக்கிற சாமான் அடுத்தது, அதன் பிறகு அடிக்க, திருப்ப, அறுக்க, சீவ. கறண்டில் ஓடுகிறவை கடைசி.

1. கடைக்குப் போக முன்னம் ஒரு மாதம் எழுதுங்கள்

ஒரு கொப்பி எடுத்து, வீட்டில் பழுதானவற்றையும் அதைச் சரிசெய்ய இரவல் வாங்கிய சாமானையும் எழுதி வாருங்கள். படலையின் பிணைச்சல் தொங்கியது, குழாய் ஒழுகியது, கதிரைக்கால் ஆடியது, தண்ணி இறைக்கிற மிசின் போல்ட் இளகியது. ஒரு மாதம் எழுதினால் உங்கள் வீட்டுக்கு எது வேண்டும் என்று அந்தக் கொப்பியே சொல்லும்.

தோட்டக்கார வீட்டுக்கு மிசினுக்கும் குழாய்க்குமான ஸ்பானர் முதல் தேவை. யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊர்களான குருநகரிலோ வல்வெட்டித்துறையிலோ படகு எஞ்சின் வைத்திருப்பவருக்குத் தேவை வேறு. இரண்டு வீட்டுக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது.

நூறு சாமான் ஒரே பெட்டியில் வரும் மலிவு செட்டை வாங்க வேண்டாம். அதில் பாதியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். மீதிப் பாதி மென்மையான இரும்பு, இறுகிய ஸ்குரூ ஒன்றில் வைத்துத் திருப்பினால் ஸ்குரூவுக்குப் பதில் கருவியின் நுனி முறுகும். அதே காசுக்கு நல்லதாக ஐந்து வாங்கலாம்.

பழைய தச்சுச் சாமான் யாராவது விற்றால் போய்ப் பாருங்கள். ஷெபீல்ட் என்று குத்திய பழைய உளி கிடைத்தால் விடாதீர்கள். பிடி உடைந்திருந்தால் பரவாயில்லை, மாற்றலாம். மேலே கறள் இருந்தாலும் தேய்க்கலாம். ஆனால் உளியின் தட்டையான முதுகுப் பக்கம், வெட்டும் வாய்க்குக் கிட்டக் கறள் அரித்துக் குழி விழுந்திருந்தால் வேண்டாம். அந்தக் குழி வாய் வரைக்கும் வரும், எவ்வளவு தீட்டினாலும் கூர் பல்லுப் பல்லாகத்தான் நிற்கும்.

2. இடம்

பத்தியின் திறந்த பக்கம் வடகிழக்கைப் பார்க்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு மழை அந்தப் பக்கத்தால்தான் அடிக்கும். தென்மேற்கில் திறந்தால் சோளகக் காற்று புழுதியைக் கொண்டுவந்து கொட்டும் என்பது உண்மைதான், ஆனால் புழுதியைத் தட்டிவிடலாம், ஈரத்தைத் தட்டிவிட முடியாது.

வெளிச்சம் இடப்பக்கத்தால் வரட்டும். இடக்கைக்காரர் என்றால் மறுபக்கம். வேலை செய்கிற கையின் நிழல் கோட்டின்மேல் விழுந்தால் வாள் கோட்டை விட்டு விலகுவது கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று. பசளை மூட்டை, கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள், பழைய பற்றரி, இவற்றை ஒருபோதும் கருவியோடு ஒரே கொட்டிலில் வைக்காதீர்கள். ஒரு மாரியில் குளோரின் பையை மேசைக்குக் கீழே வைத்துவிட்டேன், பையின் வாயும் இறுக்கிக் கட்டவில்லை. இரண்டு கிழமையில் எண்ணெய் பூசி வைத்த உளிகள்கூடச் செம்மஞ்சளாகிவிட்டன. தூள் எதிலும் படவில்லை, அதன் ஆவி மட்டும் போதுமாக இருந்தது.

3. முதல் கருவி மேசையும் வைஸும்

வைஸ் என்பது பொருளை இரண்டு தாடைக்கு நடுவில் திருகி இறுக்கிப் பிடிக்கும் சாமான். இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அறுத்தால், பிடித்த கைதான் அடுத்த வெட்டு விழும் இடம். பொருள் அசையாமல் நின்றால் இரண்டு கையும் கருவிக்குக் கிடைக்கும். கருவி நேராகப் போகும், காயமும் குறையும்.

மேசையின் கால்கள் நாலு இஞ்சிக்கு நாலு இஞ்சி மரமாவது இருக்கட்டும். வீடு பிரித்த பனை வளை, வேம்பு, எது கிடைத்தாலும் சரி. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரமே மேசையின் உயரம். அதைவிட உயர்ந்தால் சீவும்போது உடம்புப் பாரத்தைக் கொடுக்க முடியாது, தோள்மூட்டு நோகும். பதிந்தால் நாரி பிடிக்கும். மேசையைச் சுவரோடு சேர்த்துப் பூட்டிவிடுங்கள். ஆடுகிற மேசையில் நல்ல வைஸ் பூட்டி ஒரு பிரயோசனமும் இல்லை.

வீட்டு வேலைக்கு நாலு இஞ்சி வாய் உள்ள வார்ப்பிரும்பு வைஸ் போதும். கடையில் வாயை இறுக்கி மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு தாடைக்கும் இடையில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் தெரிந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை. வைஸின் அசையாத தாடை மேசை விளிம்பைவிடக் கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் நீளக் கம்பியையோ பலகையையோ நிலைக்குத்தாகப் பிடித்தால் அது மேசையில் முட்டாமல் கீழே இறங்கும். விளிம்புக்கு உள்ளே தள்ளிப் பூட்டியவர்கள் எல்லோரும் ஒரு மாதத்துக்குள் கழற்றித் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். ஸ்குரூ ஆணியால் பூட்ட வேண்டாம். மேசைப் பலகையை ஊடறுத்துப் போல்ட் போட்டு, அடியில் அகலமான வாஷரும் நட்டும் வைத்து இறுக்குங்கள். வைஸை மேசைக்கால் ஒன்றுக்கு நேர் மேலே வைத்தால் அடிக்கும் அடி நேரே நிலத்துக்குப் போகும்.

தாடையின் பற்கள் மரத்தையும் பித்தளையையும் கடித்துத் தழும்பாக்கும். இரண்டு துண்டு மென்மரமோ அலுமினியக் கோணமோ வெட்டித் தாடைக்கு மேல் கொழுவிவிடுங்கள். இறுக்கும் பிடியில் குழாயைச் செருகி நீட்டி இறுக்காதீர்கள். உள்ளே இருக்கும் திருகு அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

வைஸோடு, பலகையை மேசையோடு இறுக்கிப் பிடிக்க இரண்டு ஜி கிளாம்ப்பும் வாங்குங்கள். கிளாம்ப் ஒன்று மட்டும் இருந்தால் பலகை அதைச் சுற்றிச் சுழலும்.

4. அளவும் குறியும்

என் அக்காவின் மகன் வேலை பழக வந்த முதல் நாள், "மாமா, உங்கட டேப் பழுது, கொழுக்கி ஆடுது" என்று சொல்லிச் சுத்தியலை எடுத்துவிட்டான். நல்லவேளை, அடிக்க முன்னம் கண்டேன். அளவு நாடாவின் நுனிக் கொழுக்கி ஆடத்தான் வேண்டும். கொழுக்கியின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவுதான் அந்த ஆட்டம். வெளி விளிம்பில் கொழுவி இழுத்தால் கொழுக்கி முன்னுக்கு வரும், உள் மூலையில் முட்டவைத்தால் பின்னுக்குப் போகும். இரண்டு விதத்திலும் அளவு சரியாக வரும். இறுக்கி அடித்தால் ஒன்று எப்போதும் பிழைக்கும்.

டேப்பின் ஒரு விளிம்பில் இஞ்சி, மறு விளிம்பில் சென்ரிமீற்றர். நம்முடைய தச்சர்மார் இஞ்சியில் சொல்வார்கள், அலுமினியம் வேலை செய்பவர்கள் மில்லிமீற்றரில் சொல்வார்கள். ஒரு வேலைக்கு ஒன்றைத் தெரிந்து முடிவு வரை அதிலேயே நில்லுங்கள். நடுவில் மாற்றிக் கணக்குப் போட்ட இடத்தில்தான் யன்னல் பெட்டிக்குள் கதவு இறங்காமல் நிற்கிறது.

மூலைமட்டத்தை வாங்கும்போதே சோதியுங்கள். நேர் விளிம்புள்ள பலகையில் வைத்து ஒரு கோடு கீறுங்கள். மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி, விரிந்தால் பிழை. ரசமட்டத்துக்கும் இதே வழிதான். குமிழி நடுவில் நிற்கும் இடத்தில் வைத்து, தலைமாறித் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழி விலகினால் நம்ப வேண்டாம்.

படலைத் தூண் இரண்டுக்கும் ஒரே உயரம் பார்க்க நீண்ட மட்டம் தேவையில்லை. கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு தூணிலும் பிடித்தால், இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. புதியவர்கள் பிழைவிடும் இடம் அதுதான்.

5. அடிக்கவும் பிடுங்கவும்

ஆணி பிடுங்கும் கவர் உள்ள 16 அவுன்ஸ் சுத்தியல் ஒன்று. அதைவிடப் பாரம் கூடினால் பழகாத கை களைத்து, அடி சரியும். ஆணி வளைவதற்குச் சரிந்த அடிதான் காரணம்.

பிடி உலர்ந்து தலை இளகினால் தண்ணிக்குள் ஊறவைப்பது நம் ஊர்ப் பழக்கம். ஊறினால் மரம் பருக்கும், அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் முன்னையைவிட இளகும், ஏனென்றால் பருத்தபோது மரநார் சுத்தியல் தலையின் துளைக்குள் நசிந்துவிடும். சரியான வழி, பிடியைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பக்கத்தைத் தட்டித் தலையை ஏறவைத்து, மேலே ஒரு ஆப்பு அடிப்பது.

பனைமரத்தில் ஆணி நேரே அடிக்க வேண்டாம். வெளிப்பக்கத்து வைரம் ஆணியை வளைக்கும், உட்பக்கத்து மென்மையான சோறு ஆணியைப் பிடிக்காது. ஆணியைவிடக் கொஞ்சம் மெல்லிய துளை போட்டுவிட்டு அடியுங்கள். பனஞ்சிலாம்பு கையில் ஏறினால் உடைந்து உள்ளே நின்றுவிடும். அந்த மரத்தை வெறுங்கையால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள்.

குறடு இரண்டு: தட்டை வாயும் வெட்டும் வாயும் சேர்ந்தது ஒன்று, கூர்மூக்கு ஒன்று. குறட்டால் நட் கழற்றக் கூடாது. மூலை மழுங்கிய நட்டை அதன் பிறகு ஸ்பானரும் பிடிக்காது.

6. திருப்பவும் இறுக்கவும்

நட்சத்திரத் தலை ஸ்குரூ டிரைவரில் இரண்டாம் இலக்கம் அநேக வேலைக்குப் போதும். சின்னதற்கு முதலாம் இலக்கம். குழிக்குள் நுனி முழுதாக நிறைந்து நிற்கிறதா என்று பாருங்கள். சின்ன நுனியைப் பெரிய குழியில் வைத்துத் திருப்பினால் வழுக்கிக் குழியைத் தின்றுவிடும். திருப்புவதைவிட உள்ளே அழுத்துவதற்கே பலத்தைக் கூடக் கொடுங்கள்.

ஸ்பானரில் 10, 12, 13, 14, 17 வாங்கினால் மோட்டார் சைக்கிளிலும் தண்ணி மிசினிலும் பெரும்பாலானது கழரும். 12, 13 இரண்டும் ஏன் என்று கேட்பார்கள். ஒரே 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு ஜப்பான் வண்டிகளில் 12 தலை இருக்கும், வேறு இடத்துச் சாமான்களில் 13 தலை இருக்கும். 12 தலையில் 13 ஸ்பானரைப் போட்டுத் திருப்பியதால்தான் பல போல்ட்டுகள் உருண்டையாகின.

ஒரு பக்கம் வளையம், மறுபக்கம் திறந்த வாய் உள்ளதை எடுங்கள். இளக்கும்போது வளையப் பக்கம், சுற்றிக் கழற்றும்போது திறந்த பக்கம். எப்போதும் உங்களை நோக்கி இழுங்கள். தள்ளினால், அது திடீரென்று இளகும்போது விரல் மூட்டு போய் இரும்பில் அடிபடும். தள்ளத்தான் வேண்டுமென்றால் கையை விரித்து உள்ளங்கையால் தள்ளுங்கள்.

கறள் பிடித்து இறுகிய நட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியலால் பக்கத்தில் மெதுவாகத் தட்டி, ஒரு இரவு விடுங்கள். உடனே பலம் போட்டால் போல்ட் முறியும்.

7. அறுக்க

மரத்துக்குக் கைவாள், இரும்புக்கு ஹெக்சோ. இரும்பு வாளின் பிளேட்டில் பல் முன்னுக்குப் பார்க்க வேண்டும், அதாவது பிடிக்கு எதிர்ப்பக்கம். தலைமாறிப் பூட்டினால் இழுக்கும்போது மட்டும் வெட்டும், பிளேட் துள்ளும்.

பல்லின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குங்கள். இஞ்சிக்கு 18, 24, 32 என்று வரும். அறுக்கும் இரும்பின் தடிப்புக்குள் எப்போதும் மூன்று பல்லாவது நிற்க வேண்டும். மெல்லிய குழாயை 18 பல்லால் அறுத்தால் விளிம்பு பல்லுக்கு நடுவில் மாட்டிப் பல்லை உடைக்கும். குழாய்க்கு 32, பொதுவேலைக்கு 24. முழு நீளத்தையும் பாவித்து, நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது தடவைக்கு மேல் போகாமல் அறுங்கள். கெதியாக அறுத்தால் சூட்டில் பல் மழுங்கும்.

மர வாளின் தகட்டில் மெழுகுதிரி தேய்த்துவிட்டால் வேப்பமரத்தில்கூட இறுகாமல் ஓடும். கடின மரத்தில் ஏற்றும் ஸ்குரூவுக்கும் அதே மெழுகு.

8. உளி, அதைத் தீட்டும் விதம்

அரை இஞ்சி, ஒரு இஞ்சி என்று இரண்டு உளி போதும். கடையில் வாங்கிய உளி கூராக இருக்கும் என்று நினைத்து நேரே வேலைக்கு எடுப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. அது தீட்டப்படாதது. மழுங்கின உளிக்குப் பலம் கூடப் போடுவீர்கள், கூடப் போட்ட பலத்தோடு அது வழுக்கும்.

ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழுவழுப்பும் உள்ள தீட்டுக்கல் வாங்குங்கள். தண்ணியா எண்ணெயா என்று முதல் நாளே தீர்மானியுங்கள். எண்ணெய் குடித்த கல் பிறகு தண்ணியை ஏற்காது.

முதலில் முதுகுப் பக்கத்தைக் கல்லில் முழுதாகப் படுக்கவைத்துத் தேயுங்கள். வாய்க்குக் கிட்ட ஒரு விரல் அகலத்துக்கு ஒரே பளபளப்பு வரும் வரை. ஒரு உளிக்கு இது ஒரே ஒரு தடவைதான் செய்ய வேண்டிய வேலை. ஆனால் இதைச் செய்யாமல் கூர் வராது, கூர் என்பது இரண்டு தளம் சந்திக்கும் கோடு.

அடுத்தது சரிவுப் பக்கம். சொரசொரப்பான கல்லில் சரிவை வைத்து, முன்விளிம்பும் பின்விளிம்பும் கல்லைத் தொடும் இடத்தை விரலால் உணருங்கள். அதுதான் கோணம். சாதாரண மரத்துக்கு 25 பாகை, முதிரை, பாலை போன்ற வன்னிக் காட்டு மரத்துக்கு 30 பாகை. மணிக்கட்டை அசைக்காமல் உடம்பை முன்பின் ஆட்டித் தேயுங்கள். மணிக்கட்டு ஆடினால் சரிவு உருண்டையாகும்.

எப்போது நிறுத்துவது? முதுகுப் பக்கத்தில் பெருவிரலை வாயை நோக்கி, வாய்க்கு வெளியே போகிறமாதிரி மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரு மெல்லிய பிசிறு நகத்தைக் கீறும். அது இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை விடாமல் இருந்தால் போதும். ஓர் இடத்தில் இல்லையென்றால் அந்த இடம் இன்னும் மழுக்கம்தான்.

கல்லைப் புரட்டி வழுவழுப்பில் பத்துப் பதினைந்து இழுப்பு. பிறகு முதுகைப் படுக்கவைத்து இரண்டு இழுப்பு, பிசிறு மறுபக்கம் திரும்பும். திரும்பச் சரிவு, திரும்ப முதுகு. கடைசியில் பழைய தோல் இடுப்புப் பட்டியில் பின்பக்கமாக இழுத்தால் பிசிறு விழுந்துவிடும். வேப்பந்துண்டின் குறுக்கு வெட்டில் சீவிப் பாருங்கள். பளபளப்பாகச் சீவினால் கூர். வெள்ளையாகத் தூள்பட்டால் இன்னும் வேலை இருக்கிறது.

கிரைண்டரில் தீட்டாதீர்கள். வாய் நீலமாக மாறினால் அந்த அளவுக்கு இரும்பின் உரம் போய்விட்டது, நீலத்தை முழுக்கத் தேய்த்து எடுத்தால்தான் நல்ல இரும்பு வரும்.

9. கறண்ட் கருவிகள்

முதலில் டிரில். சுவரில் துளை போட, ரோல் பிளக் (ஸ்குரூவைப் பிடிக்கச் சுவருக்குள் செருகும் பிளாஸ்ரிக் துண்டு) எத்தனை மில்லிமீற்றரோ அத்தனை மில்லிமீற்றர் பிட் எடுங்கள். ஆழத்தைப் பிட்டில் ஒட்டுநாடா சுற்றிக் குறியுங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர் என்றால் அடிக்கும் விசையை நிறுத்திவிட்டுத் தொடங்கி, சாந்தைத் தாண்டிக் கல்லைத் தொட்டதும் போடுங்கள். தொடக்கத்திலேயே அடித்தால் உள்ளங்கை அகலத்துக்குச் சாந்து பெயரும். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுக்காமல் பிளக்கைச் செருகினால் பிடிக்காது. ஊதும்போது கண்ணை மூடுங்கள்.

கிரைண்டர் கடைசி. நாலு இஞ்சிக் கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் சுற்றும். காப்புத் தகட்டைக் கழற்றாதீர்கள். வெட்டும் தட்டில் எழுதிய வேகம் கிரைண்டரின் வேகத்தைவிடக் கூட இருக்க வேண்டும். தட்டின் நடுவளையத்தில் காலாவதித் திகதி குத்தியிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். பல் உள்ள மர வெட்டுத் தட்டைக் கிரைண்டரில் ஒருபோதும் பூட்ட வேண்டாம். பல் மரத்தில் கொழுவினால் கிரைண்டர் உங்கள்மேல் பாயும், எந்தக் கைப்பலமும் அதைத் தடுக்காது. வெட்டும் பொருள் வைஸில், இரண்டு கையும் கிரைண்டரில், கண்ணுக்குக் கண்ணாடி. சாரத்தோடும் தொங்கும் துணியோடும் அதைத் தொட வேண்டாம்.

பத்திக்குப் போகும் கறண்ட், வீட்டின் ட்ரிப் சுவிச்சுக்குள்ளால் வருகிறதா என்று வயரிங் வேலை தெரிந்தவரைக்கொண்டு பார்க்கவும். ஈர நிலத்தில் நின்று வேலை செய்யும் இடம் அது.

10. கறள் வராமல் வைப்பது

வேலை முடிந்ததும் முதலில் துடையுங்கள். கைவியர்வையிலும் உப்பு இருக்கிறது. அதன்மேல் எண்ணெய் பூசினால் உப்பு உள்ளே அடைபடும். துடைத்து, உலரவிட்டு, தையல் மிசின் எண்ணெய் நனைத்த துணியால் ஒரு தடவை இழுத்தால் போதும். தேங்காய் எண்ணெய் பூசினால் நாளடைவில் பிசுபிசுத்துப் புழுதியைச் சேர்க்கும். கடற்கரையை அண்டிய வீடுகளில் கிழமைக்கு ஒருமுறை, கடலைவிட்டுத் தள்ளிய ஊர்களில் மாதத்துக்கு ஒருமுறை, மாரிக்கு முன்னம் எல்லாவற்றுக்கும் ஒருமுறை.

ஏற்கெனவே கறள் பிடித்ததை வினாகிரியில் ஒரு இரவு ஊறப்போடுங்கள். காலையில் கம்பிப் பிரஷால் தேய்த்துக் கழுவி, அப்பச்சோடா கரைத்த தண்ணியில் முக்கி எடுங்கள். புளிப்பு மிச்சமிருந்தால் மத்தியானத்துக்குள் திரும்பக் கறள் கட்டும். உடனே வெயிலில் காயவைத்து, சூடு ஆற முன்னம் எண்ணெய்.

மரப்பிடிகளுக்கு லின்சீட் எண்ணெய் பூசலாம். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

சீமெந்து நிலத்தில் கருவியை வைக்க வேண்டாம், இறுக்கி மூடும் பிளாஸ்ரிக் பெட்டியும் வேண்டாம். சுவரில் ஒரு பலகை பூட்டி, ஒவ்வொன்றையும் ஆணியில் கொழுவி, அதன் உருவத்தைச் சுற்றிப் பெயின்ற்றால் கோடு கீறுங்கள். பின்னேரம் பத்தியைப் பூட்ட முன்னம் பலகையைப் பாருங்கள். வெறும் கோடு மட்டும் தெரியும் இடத்துச் சாமான் எங்கேயோ புல்லுக்குள் கிடக்கிறது. இருட்ட முன்னம் போய் எடுத்துவாருங்கள்.